இடஞ்சுற்று

ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் பெட்டியைப் பார்க்காமல் வீட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே அரிகரனின் ட்ரோனுக்கு அடியில் பூக்கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார் சுப்பராயலு. அரிகரனின் கூடப்பிறந்த அண்ணன். உயிரோடிருந்த தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தறியாதவர், செத்த தம்பிக்கு வானத்திலிருந்து பூத் தூவப் போகிறாராம்.

"பாகூர் பக்கம் ரைஸ்மில்காரரு சாவுல இப்படித்தான் தூவுனாங்க. வீடியோவ ஊரே பாத்துது. நம்ம உறுவையாறு இன்னா கொறச்சலா?"

அவர் குரல் முன்வாசல் வரை கேட்டது. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி முகத்தைச் சுளித்தாள். அரிகரனின் மனைவி அவள்தான். எழுந்து போகக் கூடாது என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை.

இதே சுப்பராயலுதான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தம்பிக்கு 'ஏரோப்ளேன்' என்று பட்டம் கட்டியவர். அரிகரன் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாலே போதும், ஊரில் வேலைவெட்டி இல்லாததுகள் எல்லாம் கூடிவிடும். நெல்லுக்கு மருந்தடிக்க என்று அவர் தன் கையால் செய்த யந்திரம் அது. ஒரு நாளும் அது ஒரு செடிக்கும் மருந்தடிக்கவில்லை. எழும்பும், கிழக்கே சாயும், வேலி தாண்டிக் கரும்புக்குள் விழும். கூட்டம் சிரித்துவிட்டுக் கலையும். அம்சவள்ளியும் ஏசினாள். வாய் வலிக்க ஏசினாள். நட்ட பயிர் காய்கிறது, இந்த ஆள் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருக்கிறார் என்றால் எந்தப் பெண்பிள்ளை சும்மா இருப்பாள்?

நேற்றுச் சாயங்காலமும் கரும்புக்குள்தான் விழுந்தது. தேடிப் போனவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். மாரை அடைக்கிறது என்றார். அவ்வளவுதான். அந்தச் சனியனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"இந்த விசிறிங்க எந்தப் பக்கம் சுத்துது?" பின்பக்கத்திலிருந்து மறுபடி சுப்பராயலு.

"ரெண்டு வலமா சுத்தும், ரெண்டு இடமா சுத்தும்ங்க." இது சுபாஷ். வில்லியனூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். அரிகரனுக்கு ஒயர் பற்றவைத்துக் கொடுத்து, கூடச் சேர்ந்து திட்டும் வாங்கியவன்.

"சாவுக்கு இன்னாடா வலஞ்சுத்து? பொணத்த சுத்தறது இடஞ்சுத்து. கொள்ளிக்கொடம் இடஞ்சுத்து. நாலையும் இடமா மாத்து."

"மாத்துனா பம்பரமா சுத்திடும்ங்க."

"என் கட்டடத்துலதான கட வச்சிக்கிற? சொன்னத செய்டா."

சுபாஷ் செய்தான். ஒயரை மாற்றி, விசிறியையும் மாற்றி மாட்டினான். சிறிது நேரத்தில் 'கிர்ர்' என்று சத்தம் எழுந்தது. முழங்கால் உயரம் எழும்பிய ட்ரோன் அவன் சொன்னபடியே பம்பரமாகச் சுற்றி, சுற்றி நின்றவர்கள் முகத்தில் எல்லாம் பூவை அடித்துவிட்டு, சாணிக்குப்பையில் போய் விழுந்தது.

சிரிப்பு கேட்டது. சாவு வீட்டில் அடக்கிச் சிரிக்கிற சிரிப்பு.

"உசுரோட இருக்கும்போதும் குப்புற, செத்தும் குப்புற," என்றான் எவனோ.

அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை ஏச அவளுக்கு உரிமை உண்டு. காலமெல்லாம் சோறு போட்டவள். டீக்கடை பெஞ்சுக்கு என்ன உரிமை? பொழுது சாய்வதற்குள் மனிதர் சாம்பலாகிவிடுவார். ஊர் அவரைக் கடைசியாகப் பார்ப்பது இந்தக் கூத்தாக இருக்கக் கூடாது. ஆனால் சுப்பராயலு விடுகிற ஆள் இல்லை. ட்ரோனைக் கழுவி, கூடையில் மறுபடி பூ நிரப்பி எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கே வந்துவிட்டார். தெருவில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அவள் எழுந்தாள்.

"எங்க எழுந்து போற? ஊரு பாக்குது," என்று பக்கத்து வீட்டு மணியம்மாள் முந்தானையைப் பிடித்தாள்.

"பாக்கட்டும்." முந்தானையை உருவிக்கொண்டு சுப்பராயலுவின் எதிரே போய் நின்றாள். "மாமா, செத்தது உங்க தம்பி. மெஷின் இன்னும் சாவல. அத்த ஏன் இடஞ்சுத்தா சுத்த வுடறீங்க?"

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதும்மா."

"ட்ரோனு எந்தப் பக்கம் சுத்தணும்னு எந்த சாஸ்திரத்துல எழுதிக்கீது? ரெண்டு வலம், ரெண்டு இடம். சோத்துல கைய வச்சிகினு தெனம் இதத்தான் சொல்லுவாரு. கேக்காத என் காதுக்கே மனப்பாடம். மாத்து சுபாஷு. கடைய காலி பண்ணச் சொன்னா இந்த வாசல்லயே போட்டுக்கோ."

சுப்பராயலு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. சுபாஷ் அதற்குள் உட்கார்ந்து ஒயரைக் கழற்ற ஆரம்பித்திருந்தான்.

மாற்றி முடித்ததும் ட்ரோனை வாசல் சிமெண்டில் வைக்கப் போனான். "வுழுந்துடுச்சி இல்ல அண்ணி, திரும்ப மட்டம் காட்டணும். மட்டமான எடத்துல வச்சி, இதான் நேருன்னு சொல்லிக் குடுக்கணும். அண்ணன் எப்பவும் இங்கதான் வைப்பாரு."

அம்சவள்ளி சிமெண்டைப் பார்த்தாள். காலையில் அவரைக் குளிப்பாட்டிய தண்ணீர் முழுவதும் ஒரே பக்கமாக ஓடிப்போய்க் கிழக்கு மூலையில் இன்னும் தேங்கிக் கிடந்தது. அந்த மூலைக்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் கரும்பு.

வாசல் அவர் தன் கையாலேயே நூல் பிடித்துப் போட்டது. அதில் குற்றம் சொன்னால் ஒரு வேளை சாப்பிட மாட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மனிதர் காற்றைக் கோணல் என்றார், மோட்டாரைக் கோணல் என்றார், மேலே சுற்றுகிற சாட்டிலைட்டைக்கூட விடவில்லை. கூடத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் வாசல் கழுவியவள், அவளுக்கும்தான் தோன்றவில்லை.

"அங்க வைக்காத," என்றாள். "சாய்வு."

சுபாஷ் சுற்றிலும் பார்த்தான். தெரு மேடும் பள்ளமும். பின்பக்கம் மண்தரை. அம்சவள்ளி பெட்டியருகே போய், அதன் மேல் கிடந்த மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். பெட்டி கொண்டுவந்த ஆள் அது சாயக் கூடாது என்று கிழக்குப் பக்கம் ஓட்டுச்சில்லு கொடுத்து நிறுத்தியிருந்தான்.

"இங்க வை."

சுபாஷ் தன் போனில் ரசமட்டத்தைத் திறந்து, பெட்டியின் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தான். "மட்டமாத்தான் கீது அண்ணி." பிறகு ட்ரோனைத் தூக்கி, அரிகரனின் மாருக்கு நேரே, நோகாமல் வைத்தான். அசையக் கூடாது என்றான். ஒப்பாரி வைத்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான்.

சத்தம் இப்போது வேறு மாதிரி இருந்தது. ட்ரோன் எழும்பியது. பந்தலைத் தாண்டி, தென்னை உயரத்துக்குப் போனது. அம்சவள்ளி பழக்க தோஷத்தில் கிழக்கே பார்த்தாள். அது கிழக்கே வரவில்லை. எங்கேயும் போகவில்லை. போன இடத்தில் நின்றது.

தெரு முழுக்க அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சுப்பராயலு அது தன் ஏற்பாடு என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பூ விழ ஆரம்பித்தது.

அவள் திரும்பி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"நிக்கிது," என்றாள். சாப்பாடு ஆயிற்று என்று சொல்கிற குரல்தான்.

பனி மூடிய கண்ணாடியில் ட்ரோனின் கால் இருந்த இடங்கள் மட்டும் துலக்கமாகத் தெரிந்தன. அதில் ஒன்றின் வழியே, கயிற்றால் சேர்த்துக் கட்டிய அவருடைய கைக் கட்டைவிரலும், அதில் ஒயர் பற்றவைக்கும்போது சுட்டுக்கொண்ட தழும்பும் தெரிந்தன. மணியம்மாள் மாலைகளை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"கொஞ்ச நேரம் இரு," என்றாள் அம்சவள்ளி.