கால் நீட்ட நாலு அங்குலம்

பட்டாசுக் கம்பெனி முதலாளி அய்யாதுரை, அறுபது வருசப் பழசான வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கினார். வாங்கும் முன் வீட்டு கேட்டை அளந்தார், போர்ட்டிகோவை அளந்தார். இருபது வருசமாக வண்டி ஓட்டும் ஆறேகால் அடி இசக்கிப்பாண்டியின் காலை மட்டும் அளக்கவில்லை. இசக்கியின் முட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங்கில் இடித்து ஹாரனை அமுக்கியதில், ஏழாயிரம்பண்ணை ரோட்டு ஆடுகள்கூட ஒதுங்கி நின்று முதலாளிக்கு மரியாதை செய்தன. இறங்கி அவருக்குக் கதவைத் திறக்க முடியாதபடி இசக்கிக்குத்தான் கால் மரத்துப்போனது.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்சீட்டு முழுசும் ஒரே சீட்டு. நாலு அங்குலம் பின்னால தள்ளுனா, பின்சீட்டுல முதலாளி கால் வைக்க எடமிருக்காது. குட்டையா ஒரு டிரைவரப் பாருங்க."

இசக்கி முந்திக்கொண்டு சொன்னான்: "நான் கால மடக்கிப் பழகிக்கிடுதேன் முதலாளி."

"இத்தன வருசம் மடங்காத முட்டியா இனிமே மடங்கப்போவுது? சீட்டத் தள்ளச் சொல்லுலே."

"அப்ப நீங்க எங்கன உக்காருவீக?"

"ஒம் பக்கத்துலதான்."

மறுநாள் சிவகாசியில் பட்டாசு முதலாளிகள் சங்கக் கூட்டம். வண்டி போய் நின்றதும் வாசல் காவலாளி ஓடிவந்து பின்கதவைத் திறந்து, காலிச் சீட்டுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். இசக்கி சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

முன்சீட்டிலிருந்து அய்யாதுரை சொன்னார்: "சிரிச்சது போதும், எறங்கி வந்து என் கதவத் தொற. கால் மரத்துப்போச்சுன்னு இன்னைக்கு நீ சொல்ல முடியாதுலே."