ஐந்து மணி அஸ்தமனம்

கொச்சிக்குச் சுற்றுலா கிளம்பும் முன் அமல்ராஜ் வாட்சப்பில் பேசி அனுப்பிய குறிப்புகளைத் தேவாரம் ஊரில் எங்கள் தெருவே கேட்டது. வெள்ளிக்கிழமை வேண்டாம், மட்டாஞ்சேரி அரண்மனை பூட்டியிருக்கும். சீன மீன்வலைக் கயிற்றைத் தொடாதீர்கள். இழுக்க வைத்து, இழுத்ததற்குக் காசும் கேட்பார்கள். படகில் ஏறுமுன் வெற்றிலையைத் துப்பிவிடவும். ஐந்து மணிக்குக் கடற்கரையில் அஸ்தமனம், ஐந்தரைக்கு வண்டி கிளம்பும்.

அமல்ராஜ் செல்போன் கடை வைத்திருப்பவன். கொச்சியைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் போனில் தேடியவன், அஸ்தமன நேரத்தை மட்டும் தேடவில்லை. அது தெரியாதா என்ன? எங்கள் ஊருக்கு மேற்கே மலை. ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் அதன் பின்னால் போய்விடும். உலகமெங்கும் அப்படித்தான் என்று வேனில் ஏறிய அத்தனை பேரும் நம்பினோம்.

எங்கள் தெரு வாயாடி கருத்தம்மாள் வந்ததே அந்த அஸ்தமனத்துக்காகத்தான். தினமும் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவன் கடைசியில் எங்கே போகிறான் என்று பார்த்து வந்து சொல்வதாகக் குழாயடியில் வாக்குக் கொடுத்திருந்தாள். அரண்மனைச் சுவரில் இருந்த ஓவியங்களைப் பார்த்து, ராசா வீட்டிலேயே சீலைக்குப் பஞ்சமா என்று கேட்டாள். சீன வலைக் கயிற்றை ஆசை தீர இழுத்துவிட்டு, காசு கேட்டவரிடம் கூலி கேட்டாள்.

ஐந்து மணிக்குக் கடற்கரையில் வரிசையாக நின்றோம். சூரியன் எந்த அவசரமும் இல்லாமல் மேலேயே இருந்தது. எல்லோரும் அமல்ராஜைப் பார்த்தார்கள். அவன் போனைப் பார்த்தான். வேர்க்கடலை விற்றவர்தான் ஆறரை தாண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டுநர் வேல்பாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. விடியும் முன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்ற வேண்டும்.

"ஏலே வேலு, ஒரு மணி நேரந்தான்ல" என்றாள் கருத்தம்மாள்.

"நேரமாச்சுன்னா கம்பம்மெட்டு மலையில பனிக்குள்ள நான்ல தடவணும், பெரியம்மா. அமலுகிட்டச் சொல்லி போன்ல பாத்துக்கங்க."

கருத்தம்மாள் பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறி, கடல் தெரியாத பக்கமாக உட்கார்ந்தாள்.

மதலேனாள் அதைப் பார்த்தாள். எங்கள் தெருவில் எந்த வண்டி ஊர்விட்டு ஊர் போனாலும் அவள் செபம் சொன்ன பிறகுதான் போகும். வேல்பாண்டி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவன்தான். ஆனாலும் அவள் ஆமென் சொல்லாமல் சாவியைத் திருப்ப மாட்டான். அவள் செபத்தின் நீளம் அந்தோணியார் திருவிழாப் பந்தியில் சோறு ஆறிப்போனவர்களுக்கெல்லாம் தெரியும். காலையில் அவளிடம் கெஞ்சித்தான் சுருக்க வைத்திருந்தான்.

"கருத்தம்மா, எறங்கி வா. உக்காந்துக்கிட்டா செபம் கேப்ப?" என்றாள் மதலேனாள்.

எல்லோரும் இறங்கி நின்றோம். மதலேனாள் கடலுக்கு முதுகு காட்டி, வேனின் முகப்பில் கை வைத்துத் தொடங்கினாள். சாலைக்காக நன்றி சொன்னாள். ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியே நன்றி சொன்னாள். மதியம் தின்ற மீனுக்கும் சொன்னாள். பிறகு செபமாலையை எடுத்தாள். வேல்பாண்டி கடிகாரத்தைப் பார்த்தான், கும்பிட்ட கையை மட்டும் இறக்கவில்லை. செபமாலை முடிந்ததும் அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். எதிரே வேன் கண்ணாடியில் வெயில் இன்னும் கண்ணைக் கூச வைத்தது. புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடும் மன்றாட்டுமாலைக்குப் போனாள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கடைசியில் வேல்பாண்டியும் சேர்ந்து சொன்னான்.

செபத்தை இப்படி இழுக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டியவர் மேலே இருந்தார், அவர் குறுக்கிடவில்லை.

கருத்தம்மாள் மட்டும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கண்ணாடியில் வெளிச்சம் அணைந்ததும் மதலேனாள் ஆமென் சொன்னாள்.

"முடிஞ்சதாக்கா? இல்ல, ஸ்டெப்னி டயருக்கும் ஒண்ணு இருக்கா?" என்றான் வேல்பாண்டி.

வேனில் கருத்தம்மாள் மதலேனாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ பாக்கலல்ல?"

"எங்கிட்டு? கண்ண மூடிக்கிட்டுல்ல நின்னேன்."

"குழாயடிக்கு அப்பறம் சொல்லிக்கிறேன். மொதல்ல நீ கேளு" என்று ஆரம்பித்தாள் கருத்தம்மாள். கம்பம்மெட்டுப் பனியைத் தாண்டிய பிறகும் அவள் கதையில் சூரியன் பாதிதான் இறங்கியிருந்தது.