வேண்டாம் என்ற கோல்

கோச் பந்தாடி அவர் மனைவி பார்த்ததே இல்லை. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் கோச்சுக்கு இருந்த ஒரே மனக்குறை அதுதான். வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அந்தக் காலத்தில் துறைமுக அலுவலகம் நல்ல கால்பந்து ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தது. வேலை என்றால் என்ன? காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டியது, மத்தியானம் மைதானத்துக்குக் கம்பி நீட்ட வேண்டியது. அவருடைய மேசை டிராயரில் பேனா இருக்காது, பூட்ஸ் இருக்கும். ஈரம் இழுக்க அதற்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருப்பார். அவர் கோல் போட்ட மறுநாள் மேலாளரே எழுந்து வந்து கை கொடுப்பார். கோட்டை விட்டாரோ, கேன்டீன்காரர்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீயை டொக்கென்று வைத்துவிட்டுப் போவார். அதுவல்லவா வாழ்வு! இப்போது நினைத்தாலும் அவருக்கு நெஞ்சு விம்மும்.

தேசிய அணிக்கும் எடுத்துவிட்டார்கள். பெட்டி கட்டியாயிற்று. கிளம்ப வேண்டிய வாரத்தில் முழங்கால் போயிற்று. எவனாவது முரட்டுத்தனமாக மோதியிருந்தாலாவது வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருக்கலாம். சாதாரணப் பயிற்சியில், பக்கத்தில் ஆளே இல்லாதபோது, கால் தானாக மடங்கிக்கொண்டது. விடைபெறும் ஆட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மேசைக்கு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த மேசையில் நிஜமாகவே வேலை பார்க்க வேண்டி வந்தது. மனிதர் கோப்புகளைத் தலைகீழாகக் கட்டி வைப்பதைப் பார்த்து, பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த டைப்பிஸ்ட் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கல்யாணத்தில் போய் நின்றது. பிறகு அதே அணிக்கு அவர் கோச் ஆனார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கோட்டோரத்தில் தொண்டை கிழியக் கத்துகிற ஆள்தான். ஆடியதற்குச் சாட்சியாக ஒரே ஒரு பத்திரிகைப் படம் இருந்தது. அதிலும் எதிராளியின் முதுகு அவரை முழுசாக மறைத்துவிட்டது, ஒற்றை பூட்ஸ் மட்டும் எட்டிப் பார்த்தது.

"இது உங்க கால்தான்னு என்ன அத்தாட்சி?" என்று அவள் வம்புக்கு இழுப்பாள். அவரும் கூடவே சிரிப்பார். ராத்திரி படுக்கையில் அந்தச் சிரிப்பு வராது.

அவர் ஓய்வு பெறும்போது பழைய ஆட்டக்காரர்களுக்கும் இப்போதைய அணிக்கும் ஒரு காட்சிப் போட்டி வைத்தார்கள். "இந்த முழங்காலை வெச்சுக்கிட்டா? ஆள விடுங்கப்பா" என்று பிகு பண்ணினார். அன்று மாலையே பூட்ஸைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டார்.

கேலரியின் முதல் வரிசையில் மனைவி ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாதியில் அவர் இறங்கினார். சிறிது நேரத்திலேயே பந்து காலுக்கு வந்தது. எதிரே தடுக்க நின்ற ஸ்டாப்பர் பையன் என்னவோ வழுக்கி விழுந்தவன்போல உட்கார்ந்துவிட்டான். அவர் பந்தை உதைத்தார். கோல்கீப்பர் அதற்கு முன்பே எதிர்ப்பக்கம் பாய்ந்து படுத்திருந்தான். பந்து மெதுவாக உருண்டு வலைக்குள் போயிற்று.

மைதானமே ஆர்ப்பரித்தது. மனைவி எழுந்து நின்று கைதட்டினாள். இத்தனை வருடம் அவர் ஏங்கிய காட்சி அதுதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அதோடு சுபமாக முடிந்திருக்கும். அவளுக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் அவருக்குத் தெரியுமே. மனிதருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே நடுவரிடம் போனார். நடுவர் அவரோடு ஒரே அணியில் ஆடிய பழைய கூட்டாளி.

"டேய், இந்த கோல் வேணாம். அழிச்சிரு."

"கிறுக்கா உனக்கு? கோல் போட்டவனே வந்து வேணாங்கிறத இன்னிக்குத்தான் பாக்கறேன். எந்த ரூல்ல இருக்கு?"

"எந்த ரூல்லயும் இல்ல. என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லு, இது கோலா?"

நடுவர் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையை வீசி கோல் இல்லை என்று காட்டிவிட்டார்.

கோச் கீப்பரிடம் போனார். "பந்து கெளம்பறதுக்கு முன்னாடி பாயச்சொல்லி எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

"இல்ல சார்... கடைசி நாள்... உங்க மேல இருக்கற மரியாதைக்கு..."

"மரியாதை இருந்தா ஒழுங்கா நில்லு. பிச்சை போடாத."

பையன் முகத்தில் ஈயாடவில்லை. கேலரியில் மனைவி, இருந்த ஒரு கோலையும் இந்த மனுஷன் கெடுத்துக்கொண்டாரே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்தது ஆட்டம். ஸ்டாப்பர் பையன் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. ஒருமுறை பந்தைப் பிடுங்கினான், மறுமுறை தோளைக் கொடுத்து ஆளையே மண்ணில் உருட்டினான். கோச் எழுந்து மண்ணைத் துப்பினார். நேரம் முடியப் போகிற சமயம் மறுபடியும் பந்து கிடைத்தது. இடது பக்கம் சாய்வதுபோலச் சாய்ந்து, முழங்கால் கதறக் கதற, வலது பக்கம் திரும்பினார். பையன் ஏமாந்து போனான். அதே கால், அதே இடம், எதிரே கோல் கம்பத்தை ஒட்டி ஒரு மூலை அவருக்காகத் திறந்து கிடந்தது. இழுத்து அடித்தார்.

கீப்பர் கடைசிக் கணம்வரை காத்திருந்தான். பிறகு பாய்ந்தான். விரல் நுனி பட்டு, பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்விட்டது.

நடுவர் கடைசி விசிலை ஊதினார். கோச் கீப்பரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "இதுதான்டா பாய்ச்சல்" என்றார். நொண்டிக்கொண்டே கேலரிக்கு வந்தார். மனைவி ஃப்ளாஸ்க்கைத் திறக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுறீங்களா?"

"வேர்வை."

"எத்தன வருஷமா பாக்கறேன். டீம் எவ்வளவோ தோத்திருக்கு, கப்பு கைக்கு வந்து நழுவியிருக்கு. பசங்களத் தேத்துவீங்க, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துருவீங்க. ஒரு சொட்டு விட்டதில்ல."

அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார்.

"ஒரு பந்து உள்ள போகாததுக்கு இந்த வயசுல இப்படி அழுறீங்களே," என்றாள். அவள் குரலும் உடைந்தது. "எப்படி ஆடியிருப்பீங்கன்னு இப்பத்தாங்க தெரியுது."

அவர் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதார். அவள் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள்.