அண்டா மூடிய மழைமானி

1958ஆம் வருடக் கோடையில் குற்றாலத்தில் மழையே பெய்யவில்லை. அரசாங்கப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. சித்தாறு மட்டும் அந்தப் பதிவேட்டைப் படிக்காமல் நான்கு முறை வெள்ளமாக வந்தது.

குற்றாலத்தில் ஓர் அலுவலக முற்றத்தில் செம்பாலான மழைமானி நின்றது. இடிமழையின்போது அதில் இரண்டு அங்குலம் தேறினால் குமாஸ்தா தென்காசிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அங்கே ஆற்றங்கரை நெடுகத் தமுக்கு அடிப்பார்கள். மலையில் கோடைமழை கொட்டும்போது தென்காசியில் வெயில் அடிப்பது வழக்கம். ஆற்றோரத்தில் செங்கல் அறுப்பவர்களுக்குத் தமுக்கை விட்டால் வேறு தகவல் கிடையாது.

அவர்களில் ஒருத்தி உலகம்மை. இன்னும் சுடாத பச்சைக்கல் நாலாயிரம் அறுத்துக் காயப் போட்டிருந்தாள். சாரல் தொடங்குமுன் சூளை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷத்து உழைப்பு அத்தனையும் சேறு.

அலுவலகத்தின் கவலை வேறு. முந்தின ஆண்டு தணிக்கைக்கு வந்த மேலதிகாரி, 'மழைமானி களிம்பேறி அசுத்தமாக உள்ளது' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். குமாஸ்தா தாணுமாலயன் இம்முறை அதைப் புளி போட்டுத் தேய்க்கச் செய்தார். மேகம் கூடினால் உடனே ஓர் அண்டாவைக் கவிழ்த்து மூடும்படி சேவகன் அய்யாக்குட்டிக்கு உத்தரவிட்டார். பிறகு தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, உள்ளே இருந்ததை மிக நேர்மையாக அளந்து, பூஜ்யம் என்று எழுதினார்.

மே மாதம் ஒரு பிற்பகலில் தமுக்கு இல்லாமலே ஆறு வந்தது. உலகம்மையின் கல்லில் பாதி கரைந்து போயிற்று. மறுநாள் அவள் பஸ் ஏறிக் குற்றாலம் போனாள்.

"மழை பெஞ்சா நீங்க சொல்லணும்லா ஐயா?"

"பெஞ்சாச் சொல்லுவோம்." தாணுமாலயன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "பாத்துக்கோ. பூஜ்யம்."

"அப்பம் ஆத்துல வந்தது என்னது?"

"அது ஆறு. அதுக்கு வேற ஆபீசு இருக்கு. இங்கன மழை மட்டுந்தான்."

தலைக்கு மேல் இடி உருண்டது. அய்யாக்குட்டி அண்டாவைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். உலகம்மை பின்னால் போனாள்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"மழை பட்டாக் கறுத்துரும்லா. எப்படி மின்னுது பாரு."

அவள் அண்டாவையே சற்று நேரம் பார்த்தாள். "நேத்தும் மூடினியளா?"

"மூடாம? மொதச் சொட்டு விழுமுன்ன மூடிட்டேன். ஒரு நாளும் தப்புனதில்ல."

"சார்வாள் நோட்டுக்கு உங்க அண்டா எவ்வளவோ தேவல" என்று சொல்லிவிட்டு, புறப்படவிருந்த பஸ்ஸில் ஏறினாள்.

தென்காசியில் நல்ல வெயில். உலகம்மை வீட்டார் ஐந்து பேரையும் கூட்டி வந்து மீதிக் கல்லை மேட்டுக்குச் சுமக்கத் தொடங்கினாள். பக்கத்துக் களத்துப் பேச்சிமுத்து வேடிக்கை பார்த்தான்.

"ஏ மைனி, வெயிலு மண்டையப் பிளக்கு. தமுக்கும் அடிக்கல. எதுக்குக் கெடந்து சொமக்கிய?"

"குத்தாலத்துல அண்டா மூடியாச்சு."

"நேத்துப் போன கல்லோட மைனிக்குப் புத்தியும் போயிட்டு போல."

கடைசி நடையின்போது தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. பேச்சிமுத்து அதன்பிறகுதான் முதல் நடையைத் தொடங்கினான். அவனுக்கு இருநூறு கல் மிஞ்சியது.

அடுத்த மழைக்குக் குற்றாலம் பஸ், உலகம்மை சொல்லிவைத்தபடி, தென்காசி ஆற்றுப் பாலத்தில் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "அண்டா போட்டாச்சு" என்றார். முதலில் கல்லைத் தூக்கியவன் பேச்சிமுத்துதான்.

மே கடைசியில் மேலதிகாரி வந்தார். மழைமானியில் தம் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டு எழுதினார்: 'கருவி மிகச் சுத்தம். இவ்வாண்டு கோடைமழை பொய்த்தது. வெள்ள அபாயம் இல்லை.'

தென்காசியில் உலகம்மை மறுபடி அறுத்த கல்லும் காய்ந்து, மறுநாள் சூளை அடுக்குவதாக இருந்தது.

மேலதிகாரி கையெழுத்திடும்போது ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அய்யாக்குட்டி அவரிடம் அனுமதி பெற்று, அண்டாவுடன் முற்றத்துக்குப் போனான். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர் பாதி கிளாஸை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.