நத்தையின் குடைக் கடை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் துணி வெட்டும் பிரிவில் அவளை எல்லோரும் மாஸ்டரம்மா என்றே அழைத்தனர். சுண்ணக்கட்டியால் இட்ட கோட்டை விட்டு அவளுடைய கத்தரி நூலிழைகூட விலகியதில்லை. அப்படிப்பட்டவளின் மகள்தான், வகுப்பில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளிவிடுகிறாளாம்.

"'எனக்கு வராது'ங்கறா. இப்ப பென்சிலுக்கும் அதையே சொல்ல ஆரம்பிச்சிட்டா," என்று விடுமுறை விடும் நாளன்று ஆசிரியை தயக்கத்துடன் தெரிவித்தார்.

ஐந்து வயதில் அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டால் பிறகு எதற்குத்தான் வராது? பள்ளி திறப்பதற்குள் அதை வீட்டை விட்டே விரட்டிவிடுவது என்று மாஸ்டரம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அதில் முதுகிலேயே வீடு உள்ள நத்தையொன்று, மழையில் நனையும் பூச்சிகளுக்கெல்லாம் இலைக் குடை தேடி அலைகிறது. வாண்டு (மகளை வீட்டில் அப்படித்தான் அழைப்பார்கள்) அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அதுவே பிடியாகக் கிடைத்தது. மருந்துக் குப்பியின் சொட்டுக் குழாயால் தட்டில் மழை பெய்வித்தார்கள். துணிக் கிளிப்பை அழுத்தி அழுத்தி, செடியின் இலைகளைக் கொடியில் தொங்கவிட்டார்கள். விரல்களில் வலு ஏறிய பின்னர், பழைய நாளிதழையும் மழுங்கிய சிறு கத்தரியையும் முன்னே வைத்து, "எறும்புக்குக் குடை வேணுமாம்," என்றாள் தாய்.

வாண்டு நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டினாள். குடை ஒரு பக்கம் வீங்கியும் மறுபக்கம் எலி கடித்ததுபோலவும் இருந்தது. ஆனால் அது முழுக்க அவளே வெட்டியது.

பிள்ளை தண்ணீர் குடிக்கப் போன சிறு இடைவெளியில் மாஸ்டரம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. ஓரத்தைச் சுற்றிச் சீராக நறுக்கிவிட்டாள். ஆண்டுக்கணக்கில் பழகிய கை, அவளைக் கேட்டா செய்தது?

திரும்பி வந்த வாண்டு குடையை எடுத்துப் பார்த்தாள். "இது என்னோடது இல்ல." கத்தரியைத் தாயின் பக்கம் தள்ளினாள். "எனக்கு வராது. நீயே வெட்டு."

குளிர்பெட்டி பழுதுபார்க்கும் கணவர் கைகழுவியபடியே சிரித்தார். "ஏன் மாஸ்டரம்மா, ஃபேக்டரியிலதான் எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி இருக்கணும். எறும்புக்கும் யூனிஃபார்மா?"

"வாய மூடுங்க. தப்பு பண்ணிட்டேன்னு எனக்கே தெரியுது."

"தெரிஞ்சா போதுமா? கை கேக்கணுமே!"

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் தரையில் அமர்ந்து, வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு வண்டுக்குக் குடை," என்று சிறு கத்தரியை இடக்கையில் எடுத்தாள். காகிதம் வெட்டுப்படாமல் மடங்கி, அலகுகளுக்கு நடுவே சிக்கியது. விடாமல் மீண்டும் முயன்றாள். நெற்றி வியர்த்ததுதான் மிச்சம், குடை பாதியிலேயே கிழிந்தது. அவள் நடிக்கவில்லை, உண்மையிலேயே வரவில்லை.

சுவரோரம் முறைத்துக்கொண்டிருந்த வாண்டு ஓரடி நகர்ந்தாள். பிறகு இன்னும் ஓரடி.

"ஐயய்யே, அம்மா! உனக்கு வரலயா?"

"இன்னும் வரல. இரு, இன்னொண்ணு வெட்டிப் பாக்கறேன்."

அடுத்ததும் கிழிந்தது. தாய் மூன்றாவது காகிதத்துக்குக் கை நீட்டினாள்.

"இப்பிடி வெட்டினா வண்டு நனஞ்சே போயிடும். தள்ளு, நான் வெட்டறேன்."

சிறு கத்தரி கைமாறியது. வாண்டு காகிதத்தைத் திருப்பித் திருப்பி வெட்டினாள். முடியும் தறுவாயில் ஓரத்தில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தது. தொடைக்கு அடியிலிருந்த வலக்கை துடித்தது. மாஸ்டரம்மா இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

"அது... அந்த ஓட்டை?" என்று மட்டும் கேட்டாள்.

வாண்டு அதனுள் இரண்டு விரல்களை நுழைத்து ஆட்டிக் காட்டினாள்.

"வண்டுக்கு மீச இருக்குல்ல? அது வெளிய வர வேணாமா? உனக்கு ஒண்ணுமே தெரியலம்மா."

பிறகு தாயின் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளை இழுத்துக்கொண்டாள்.