தொண்ணூறு டி-சட்டைகளும் நடக்காத ஒரு தழுவலும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்கக் கூடாது. இதற்கு முன்னால் எழுதிய கதையில் கொஞ்சம் அடக்கி வாசித்திருந்தால், இந்நேரம் நிம்மதியாக முறுக்கு தின்றுகொண்டிருப்பேன்.

நான் விஜயராணி. வார நாள்களில் மலாக்காவின் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தாளர். எனக்குப் பிடித்தது பழைய காலத்துக் குடும்பக் கதைகள். தோட்டத்து லயத்துக் குடியிருப்பில் பிரிந்தவர்கள் கடைசிப் பக்கத்தில் எப்படியாவது சேர்ந்துவிடுவார்கள். வாசகர்கள் அழுதுகொண்டே ஃபோன் செய்வார்கள். ஊரையே அழவைத்துவிட்டு உட்கார்ந்து டீ குடிப்பது ஒரு தனி சுகம்.

2

(முதல் தொடக்கம், கைவிட்டது:) 1958. ரப்பர்க் காட்டில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில் நாகமுத்து தன் தம்பியை நினைத்து…

வேண்டாம். என் கதைகளில் எப்போதும் பனி இறங்குகிறது. மலாக்கா வெயிலில் எனக்கு மட்டும் இவ்வளவு பனி எங்கிருந்து கிடைக்கிறதோ, தெரியவில்லை.

நேராகவே சொல்கிறேன். நாகமுத்து என் தாத்தா. மஸ்ஜித் தானா பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அவருடைய தம்பி ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கி, பாக்கியசாமி என்று பெயர் வைத்துக்கொண்டு சுங்கை ரம்பாய்க்குக் குடிபோய்விட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த செய்தி இவ்வளவுதான். மேற்கொண்டு நான் கேட்கவும் இல்லை. கேட்டால் கதை கெட்டுவிடும் அல்லவா?

போன வருஷம் எங்கள் குடும்ப தின மலருக்கு இதைக் கதையாக எழுதிக் கொடுத்தேன். தாயார் முத்தாயி இறந்த வீட்டுக்குத் தம்பி ஓடிவருகிறார். அண்ணன் காலில் விழுகிறார். "மன்னிச்சிட்டேன்டா!" என்று அண்ணன் தூக்கி அணைத்துக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து தாய்க்கு வாய்க்கரிசி போடுகிறார்கள். எழுதும்போது நானே அழுதேன், சத்தியமாக.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தலைப்புக்குக் கீழே 'கற்பனைக் கதை' என்று போடச் சொல்லியிருந்தேன். அந்த இடத்தில் ஒரு கேட்டரிங் விளம்பரத்தைப் போட்டுவிட்டார்கள்.]

3

குடும்ப தினம் என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மண்டபம் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி டி-சட்டை போட்டு, சாக்கு ஓட்டம் ஓடி, பிரியாணி சாப்பிட்டு, ஒரே போட்டோவில் நெருக்கியடித்து நிற்கும் நாள். இந்த வருஷச் சட்டைக்குப் பொறுப்பு பெரியப்பா மகன் திவாகர். என் கதையைக் கணினியிடம் கொடுத்துப் படம் வரைய வைத்திருக்கிறான். தாத்தாவும் தம்பியும் கட்டித் தழுவுகிறார்கள். கீழே பெரிய எழுத்தில், 'மன்னித்தோம், இணைந்தோம் – 1958'. தொண்ணூறு சட்டைகள் அச்சாகி வந்துவிட்டன.

"டேய், அது நானா கற்பனை பண்ணி எழுதுனதுடா!"

"அப்ப ஏன்க்கா மலர்ல போட்டீங்க? நான் நெசம்னு நெனச்சு அந்தக் கதைய எல்லா குரூப்லயும் அனுப்பிட்டேன்லா. ரோஸ் அத்தைக்குக்கூட."

"எந்த ரோஸ் அத்தை?"

"பாக்கியசாமி தாத்தா மக. அவங்க பையன் எட்வின் என்னோடதான் வேல செய்றான். இந்த ஞாயித்துக்கெழம வராங்களாம்க்கா! அந்தக் குடும்பத்திலிருந்து மொத தடவையா ஒரு ஆளு!"

படத்தில் பாக்கியசாமித் தாத்தாவுக்கு ஆறு விரல் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அந்த நேரத்தில் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை தரும் சரித்திரக் கதைகளை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறுபத்தேழு வருஷமாக எட்டிப் பார்க்காத ஒரு குடும்பத்தை என் பத்துப் பக்கம் கிளப்பிக் கொண்டுவருகிறதே! புள்ளிவிவரம் போட்ட எந்தச் சரித்திரப் புத்தகம் இதைச் செய்திருக்கிறது, சொல்லுங்கள்?

ஆனால் வருகிறவர் ஒரு பொய்யை நம்பி வருகிறார். உண்மையைச் சொன்னால் வராமல் போகலாம். சொல்லாவிட்டால் அந்தத் தொண்ணூறு சட்டைகளுக்கு நடுவில் அவரை நிற்கவைத்து ஏமாற்றியவள் ஆவேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. (சரி, இறங்கியது. ருசிக்கவில்லை.)

மூன்றாம் நாள் ஃபோனை எடுத்தேன்.

5

"அத்தை, அந்தக் கதையில கடைசியா வருதே, அது வந்து…"

"நடக்கலன்னு தெரியும்மா," என்று சிரித்தார் ரோஸ் அத்தை. "எங்கப்பா யாரு கால்லயும் விழற ஆளு கெடயாது."

"பின்ன ஏன் வரேன்னீங்க?"

"உன்கிட்ட ஒண்ணு கேக்கத்தான். உங்க தாத்தா எங்கப்பாவ மன்னிக்கிறாருன்னு எழுதியிருக்கியே, எங்கப்பா என்னம்மா தப்பு பண்ணாரு?"

அவரே தொடர்ந்தார்.

"பாட்டி செத்த அன்னிக்கு அப்பா வந்தாரு. மூணு பஸ் மாறி. நான் கைக்கொழந்த, அம்மா இடுப்புல. உங்க தாத்தா கதவச் சாத்திட்டாரு. வேதத்துல சேந்தவன் வாய்க்கரிசி போடக் கூடாதுன்னுட்டாரு. பெத்தவ மொகத்தக்கூடப் பாக்க விடல. வேட்டி மடியில அரிசி முடிஞ்சிட்டு வந்தவரு, அப்படியே திரும்பிட்டாரு. வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த அரிசிய ஒலையில போட்டுட்டாங்களாம். வேற என்ன பண்றது, தூக்கியா போடறது?"

மறுபடியும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. காது வரைக்கும் வெட்கமாக இருந்தது. கதவைச் சாத்தியவர் எங்கள் ஆள். அவரையே பெரிய மனசு பண்ணி மன்னிக்க வைத்து, வெளியே நின்றவரைக் காலில் விழவைத்திருக்கிறேன். அதையும் அழுதுகொண்டே செய்திருக்கிறேன்.

"மன்னிச்சிருங்க அத்தை."

"நீ என்ன பண்ணுவ, பாவம். ஒண்ணு செய். நான் வருவேன், ஆனா உள்ள வரமாட்டேன். எட்வின் கார்ல ஒக்காந்திருப்பேன். மண்டபத்துல மைக் இருக்கும்லா? அதுல நடந்தத படி. உங்க ஆளுங்க கேக்கட்டும். அப்புறம் எறங்கறதா, திரும்பறதான்னு நான் பாத்துக்கறேன்."

"சட்டை எடுத்து வைக்கட்டுமா அத்தை?"

"எக்ஸ்எல். போட்டுக்குவேன்னு சொல்லல!"

6

நாகமுத்துத் தாத்தாவின் மூத்த மகன் பாலகிருஷ்ணன் பெரியப்பாதான் குடும்ப தினத்துக்குத் தலைவர். முத்தாயி இறந்த அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் இன்று மிச்சம் அவர் ஒருவர்தான். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல நாளும் அதுவுமா எங்கப்பா மானத்த மைக்ல ஏத்தப் போறியா?"

"கதவச் சாத்துனாரா இல்லையா பெரியப்பா?"

டி.வி.யில் மூன்று சேனல் மாற்றினார். "மழ வந்துச்சு. சாரல் அடிக்குதுன்னு சாத்துனது."

அந்த மழையை எங்கே சேர்க்கலாம் என்று என் மனசு உடனே இடம் தேட ஆரம்பித்தது. பழக்கதோஷம்.

"படிச்சீன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்க," என்றார். அவர் எழுந்தால் பாதி மண்டபம் எழுந்துவிடும்.

7

இன்று சனிக்கிழமை. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) படிக்கிறேன். கார்க் கதவு திறக்கிறது. பெரியப்பா ஓடிப்போய்… கோடு போட்டு அடித்துவிட்டேன். இது என் பழைய சரக்கு.

(ஆ) படிக்கிறேன். பெரியப்பா எழுந்து போகிறார். கார் கிளம்பிவிடுகிறது. நானும் திவாகரும் தொண்ணூறு பேர் பிரியாணியோடு…

(இ) மைக் வேலை செய்யவில்லை. சீ, இது கோழைத்தனம்.

படிக்கப்போகும் தாள் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றே வரி: '1958-இல் என் தாத்தா நாகமுத்து கதவைச் சாத்தினார். அவர் தம்பி பாக்கியசாமி தாய்க்கு வாய்க்கரிசி போட முடியாமல் திரும்பினார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.' பனி இல்லை, மழையும் இல்லை. நாளைக் காலை பத்தரைக்கு இதைப் படிப்பேன். பெரியப்பா எழுந்தாலும் எழுவார். பரவாயில்லை, படிப்பேன். என் பங்கு முடிவு அதுதான்.

காரில் இருப்பவர் இறங்குவாரா என்பதை நான் எழுத மாட்டேன். அந்தக் குடும்பத்துக்காரர் ஒருவரை ஏற்கெனவே கேட்காமல் கொள்ளாமல் ஓடவைத்தேன், விழவைத்தேன், அழவைத்தேன். போதும்.

உங்களுக்குக் கை அரித்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ரோஸ் அத்தைக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.