ஆறு லட்சத்து மூன்று

பள்ளி ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் டீச்சர் ஒரு தந்திரம் செய்தார். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பார்க்கிறவருக்கு வகுப்பு முழுவதும் மேதைகள். டீச்சர் வலது கைகளை மட்டும் கூப்பிடுவார்.

வகுப்பே நத்தை என்று கூப்பிடுகிறவளுக்கு எப்போதும் இடது கைதான். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. மற்றவர்கள் விடையை எழுதி நோட்டை மூடும்போது அவள் பாதிதான் வந்திருப்பாள், அவ்வளவே. அதற்காக அடுத்த பருவத்திலிருந்து அவளைக் கணக்குப் பாடத்துக்குக் கீழ் வகுப்பில் உட்கார வைக்கப்போவதாக டீச்சர் முடிவு செய்திருந்தார். தங்கை படிக்கிற வகுப்பு! அதை நினைத்தாலே நத்தைக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆய்வாளர் வரும் நாளும் வந்தது. டீச்சர் பலகையில் 6,00,000 − 2,48,157 என்று எழுதினார். வகுப்பே போட்டுப் போட்டுப் புளித்துப்போன கணக்கு. ஆய்வாளர் என்ன நினைத்தாரோ, எழுந்து வந்து கடைசிப் பூஜ்யத்தைத் துடைத்துவிட்டு அங்கே ஒரு 3 போட்டார்.

"யாரு போடுறீங்க?"

கைகள் பறந்தன. நத்தை வலது கையைத் தூக்கினாள். டீச்சர் முறைத்தார். அவள் இறக்கவில்லை. டீச்சர், வேகத்துக்காக ராக்கெட் என்று பெயர் வாங்கியவளைக் கூப்பிட்டார்.

ராக்கெட் பலகைக்கு ஓடி, மேலே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், 3,51,843 என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுத் திரும்பினாள். டீச்சர் கைதட்ட, வகுப்பும் தட்டியது.

"தப்பு," என்றாள் நத்தை.

"உக்காரு!"

"மாட்டேன் டீச்சர். அது பழைய கணக்கோட விடை."

"வரட்டுமே," என்றார் ஆய்வாளர்.

நத்தை சாக்பீஸை எடுத்தாள். மூன்றில் ஏழு போகாது. பக்கத்தில் கடன் கேட்டால் அங்கே பூஜ்யம். அதற்குப் பக்கத்திலும் பூஜ்யம். அத்தனை காலி வீடுகளையும் தாண்டி, ஆறு வரைக்கும் போய், அதை ஐந்தாக்கி, வழியில் இருந்ததையெல்லாம் ஒன்பதாக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். ராக்கெட் கொட்டாவி விட்டாள். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும், இவளுக்கென்ன.

3,51,846.

மணி அடித்தது. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரியான விடை. போய் உக்காரும்மா."

"இன்னும் முடியல சார். கூட்டிப் பாக்கணும்."

"அதான் சார் சரின்னு சொல்லிட்டாரே!" என்று டீச்சர் பல்லைக் கடித்தார்.

"சார் சொன்னா ஆச்சா டீச்சர்? கணக்கு சொல்லணும்ல."

வெளியே மற்ற வகுப்புப் பிள்ளைகள் கூச்சலோடு ஓடினார்கள். நத்தை விடைக்கடியில் 2,48,157 என்று எழுதிக் கோடு போட்டாள். ஆறும் ஏழும் பதின்மூன்று. மூன்றை எழுதி, ஒன்றைத் தலைமேல் வைத்தாள். அதன்பின் கூட்டக் கூட்டப் பத்துகளாகவே வந்தன. ஒவ்வொரு பூஜ்யத்தையும் வட்டம் கோணாமல் போட்டாள். கடைசியில் ஆறு வந்து நின்றது. வகுப்பில் ஒருவர்கூட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் ஆய்வாளரைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள்.

"நான் மெதுவாத்தான் போடுவேன் டீச்சர். ஆனா, சின்னப் பசங்களோட போய் உக்கார மாட்டேன்."